நேர்கோட்டு டாக்டர்

டாக்டர், உடம்பின் மேல் வைக்கும் ஸ்கேன் கருவியின் புரோபின் ஓரத்தைச் சுண்டுவிரலால் இரண்டு தட்டுத் தட்டித் திரையைப் பார்க்கிறார். திரையின் இடது ஓரம் அசைந்தால் "சரி" என்கிறார். அதன் பிறகுதான் கட்டிலில் படுத்திருப்பவரின் முகத்தைப் பார்க்கிறார். ஒரு நாளைக்குப் பதினான்கு பேர் வந்தால் பதினான்கு முறையும் இதே தட்டு, இதே "சரி". முதல் ஆளுக்குத் தட்டிப் பார்த்த புரோப் அடுத்த ஆள் வருவதற்குள் இடம் வலம் மாறிவிடுமா என்று செவிலி ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டாள். "புரோப் மாறாதும்மா, அதைப் பிடிக்கிற கை மாறும்" என்று பதில் வந்தது.

மூட்டுகளுக்குள் ஊசி போடும் பெண் டாக்டர் அவர். தோள், முழங்கால், மணிக்கட்டு, இடுப்பு என எந்த மூட்டு மக்கர் செய்தாலும், ஸ்கேன் திரையில் உள்ளே பார்த்துக்கொண்டே மருந்தைச் சரியான இடத்தில் இறக்குவதுதான் பதினெட்டு வருடமாக அவருக்குப் பிழைப்பு. ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி, நடையின் கோடி, ஜன்னல் இல்லாத அறை. திரை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பட்டப்பகலிலேயே பாதி விளக்குகளை அணைத்து வைத்திருப்பார். வயது நாற்பத்தெட்டு. ஆள் குள்ளம். அதனால் கட்டில் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். உயரமான நோயாளிகள் அதில் படுக்கும்போது தரையிலேயே படுத்துவிட்ட மாதிரி திகைப்பார்கள்.

ஜெல் பாட்டிலைச் சூடாக்கும் கருவி கெட்டுப்போய் இரண்டு வருடமாகிறது. புதிதுக்கு எழுதிப் போட்டு, ஞாபகப்படுத்தி எழுதிப் போட்டு, கடைசியில் டாக்டர் பாட்டிலைத் தன் இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு நடமாட ஆரம்பித்துவிட்டார். நடையில் பார்ப்பவர்கள் பாவம் காய்ச்சல் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். "சில்லுன்னு பட்டா மனுஷன் துள்ளுவான். துள்ளினா மூட்டு நகரும். மூட்டு நகர்ந்தா நான் பார்த்து வெச்சது எல்லாம் போச்சு" என்பார். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. அந்த நியாயம் ஒருநாள் தன் வீட்டு ஆளுக்கே வந்து வாய்க்கும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அவருக்கு 'நேர்கோடு' என்று பெயர். "நேர்கோடு வந்துட்டாங்களா?" "நேர்கோடு சாப்பிடப் போயிருக்காங்க." அவர் காதுபடவே சொல்வார்கள், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. பெயர் வந்த கதை தொழில் சம்பந்தப்பட்டது. ஸ்கேன் உடம்பு முழுவதையும் ஒரே நேரத்தில் காட்டிவிடாது. ரொட்டியிலிருந்து மெல்லிசாக அறுத்த ஒரு துண்டைப் போல உடம்பின் ஒரு சீவலை மட்டும்தான் காட்டும். ஊசியை அந்தச் சீவலின் நீளத்தோடு செலுத்தினால் முழு ஊசியும் வெள்ளைக் கோடாகத் தெரியும். குறுக்கே செலுத்தினால், சீவலைத் துளைத்துப் போகும் இடத்தில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும், அவ்வளவுதான். நம்மவர் கோட்டுக் கட்சி. எதிர் அறையில் இருப்பவர், இவரைவிட இரண்டு வயது மூத்தவர், புள்ளிக் கட்சி. அவருக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

"புள்ளின்னா ஊசியோட எந்த இடம்? தலையா, இடுப்பா? நடு ஊசியும் புள்ளியாத்தான் தெரியும், நுனியும் புள்ளியாத்தான் தெரியும். கதவிடுக்குல சட்டை தெரிஞ்சதும் ஆளே வந்துட்டான்னு சொல்ற கதைதான் அது" என்பார் நேர்கோட்டு டாக்டர்.

"கோடு பார்க்க அழகுதான். ஆனா கோடு போட எடம் வேணுமே. மணிக்கட்டுல எடம் எங்க இருக்கு? மேடம் வளைச்சு வளைச்சு வர்றதுக்குள்ள நான் நேரா குத்திட்டு வெளியவே வந்துருவேன்" என்பார் புள்ளி டாக்டர்.

இருவரும் ஒத்துப்போகும் விஷயம் ஒன்றே ஒன்று. கீழ்த்தளத்து எலும்பு டாக்டர்களில் சிலர், ஸ்கேனில் இடத்தைப் பார்த்துத் தோலில் பேனாவால் ஒரு குறி போட்டுக்கொண்டு, புரோபை ஓரமாக வைத்துவிட்டு ஊசியைச் செலுத்துவார்கள். வீட்டு எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு கண்ணைக் கட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுகிற முறை என்று இரண்டாவது மாடியில் அதைக் கேலி செய்வார்கள்.

ஆறு மாதத்துக்கு முன் துறைத் தலைவர், இந்த வாய்ச்சண்டையை வைத்து ஒரு ஆய்வே செய்துவிடலாம் என்று முடிவு செய்தார். இரண்டு அறைகளுக்கும் நடுவே சுவரில் ஒரு பெரிய தாள் ஏறியது. எந்த மூட்டு, எந்த முறை, ஊசியை எத்தனை முறை திருப்பிச் செலுத்த வேண்டியிருந்தது, எத்தனை நிமிடம், நோயாளிக்குப் பத்துக்கு எத்தனை வலி. செவிலி எழுதுவாள். நேர்கோட்டு டாக்டர் ஒரு நாளில் ஆறு முறை அந்தப் பக்கம் போய்வருவார், கழிவறை எதிர்ப்பக்கம் இருந்தாலும். நிமிடக் கணக்கில் புள்ளி முந்தியது. திருப்பிச் செலுத்தும் கணக்கில் கோடு முந்தியது. நேர்கோட்டு டாக்டருக்கு அது சராசரியாக ஒன்றுக்கும் குறைவு. வலிக் கட்டத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே எண்.

"அது எப்படி ஒண்ணா இருக்கும்?" என்று செவிலியிடம் கேட்டார்.

"அவங்களுக்குக் கோடும் தெரியாது, புள்ளியும் தெரியாது மேடம். குத்தறப்ப டாக்டர் ஏதாவது பேசினாங்களா, உர்ருன்னு இருந்தாங்களாங்கறதுதான் தெரியும்."

 டாக்டர் வேலையின்போது பேசுகிறவர் இல்லை. பக்கத்தில் யாரும் இருப்பதும் அவருக்குப் பிடிக்காது. அறையில் முன்பு ஒரு ஸ்டூல் இருந்தது, பயிற்சிக்கு வருகிறவர்கள் உட்கார. பொறுப்பேற்ற முதல் வாரமே அதை நடைக்குத் தள்ளிவிட்டார். "பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து பார்த்தா, என் கை அந்த ஆளுக்காக வேலை செய்ய ஆரம்பிச்சுரும்" என்றார். ஒரு காலில் ரப்பர் போன அந்த ஸ்டூல் பதினெட்டு வருடமாகக் கதவுக்கு வெளியே நிற்கிறது. வருகிறவர்கள் அதன் மேல் பையை வைப்பார்கள், தண்ணீர் பாட்டிலை வைப்பார்கள். எதிர் அறைக் கதை வேறு. புள்ளி டாக்டர் ஊசி போடும்போது யாராவது பக்கத்தில் இருந்தாக வேண்டும். செவிலியோ, பயிற்சி டாக்டரோ, யாரும் கிடைக்காவிட்டால் நோயாளியோ, ஒவ்வொரு முறையும் "நுனி அதுதானா?" என்று அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் மருந்தைத் தள்ளுவார். தொழில் தெரிந்த ஒருவர் தன் சந்தேகத்தை இப்படி ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருப்பது நேர்கோட்டு டாக்டருக்கு வேடிக்கையாக இருந்தது. வீட்டில் அதை நடித்துக்கூடக் காட்டியிருக்கிறார்.

வீட்டில் அதைப் பார்த்துச் சிரித்தவர் அவருடைய கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஆள் வாட்டசாட்டம், பேச்சும் அதற்கேற்ற அளவு. கற்றுக்கொள்ள வருகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் வலது பாதத்தை வைத்துக்கொண்டே இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டார். அந்தப் பழக்கம் காரைவிட்டு இறங்கியும் போகவில்லை. டிவியில் யாராவது வேகமாக வண்டி ஓட்டினால் அவர் பாதம் தரையை அழுத்தும். மனைவி வெங்காயம் நறுக்கும் வேகம் கூடினாலும் அழுத்தும். "சமையலறையில பிரேக் கிடையாது, காலை எடுங்க" என்பார் டாக்டர்.

அந்த வலது காலின் இடுப்பு மூட்டுதான் தேய்ந்துபோனது. ஒரு வருடம் நொண்டினார். பிறகு மாடிப்படியை வெறுத்தார். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். சொன்னார்: "இன்னிக்கு ஒரு பொண்ணு, சிவப்பு விழுந்ததைக் கவனிக்கல. நான் அழுத்தினேன். கால் அரை நொடி லேட்டா வந்துச்சு. எதிர்ல ஒருத்தர் சைக்கிள்ல." சைக்கிள்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அரை நொடி திரும்பி வராவிட்டால் தான் இனி அந்த இருக்கையில் உட்காரப் போவதில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார். அந்த இருக்கையை விட்டால் அவர் எப்படி இருப்பார் என்று டாக்டரால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

மூட்டையே மாற்றிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எட்டு வருடத்துக்கு முன் அவருக்கு இதய வால்வு மாற்றியிருந்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை. அறுவைக்காக அதை நிறுத்துவது பெரிய ஆபத்து என்று எலும்பு டாக்டர் தயங்கினார். முதலில் மூட்டுக்குள் ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாம், அது பலன் கொடுத்தால் ஒரு வருடம் ஓட்டலாம் என்றார். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பது. தொடைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அதற்குப் பக்கத்திலேயே துடித்துக்கொண்டு போகிறது. மற்றவர்களுக்கு அதில் ஊசி பட்டால் அழுத்திப் பிடித்து நிறுத்திவிடலாம். இவருக்குப் பட்டால் நிற்காது, தொடைக்குள்ளேயே ரத்தம் நிரம்பும்.

சொந்தக்காரர்களுக்கு வேறு டாக்டர்தான் ஊசி போட வேண்டும், இல்லையென்றால் இன்னொரு டாக்டராவது கூட இருக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. நேர்கோட்டு டாக்டர் தானே போடுவதாகப் படிவம் நிரப்பி எடுத்து வந்து, சாப்பிடும்போது கணவரிடம் கையெழுத்துக்கு நீட்டினார்.

கணவர் படித்துப் பார்த்துவிட்டு, "புள்ளி டாக்டர் போடட்டுமே" என்றார்.

டாக்டர் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் வைத்தார். வைத்த சத்தம் கொஞ்சம் அதிகம். "ஏன், என் கை மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு. அதான் பயமே."

"புரியற மாதிரி பேசுங்க."

"என்கிட்ட கத்துக்க வர்றவங்கள்ல பயந்தாங்கொள்ளி எவனும் இதுவரை போய் மோதினது இல்ல. மெதுவா போவான், கேட்டுக் கேட்டுப் போவான். கை நல்லா படிஞ்சவன்தான் கண்ணாடியப் பார்க்க மறப்பான். அவன் பக்கத்துல உக்காந்தா நான் பிரேக்லேர்ந்து காலையே எடுக்க மாட்டேன்."

"நான் கண்ணாடியப் பார்க்க மறந்தவளா?"

"இதுவரை இல்ல. ஆனா இதுவரை நீ என்னைக் குத்தினதும் இல்லையே."

பதினெட்டு வருடம், எத்தனை ஆயிரம் மூட்டுகள். கடைசியில் கட்டிய கணவனே எதிர் அறைக்காரரைக் கேட்கிறாரே என்று டாக்டருக்கு மனசு வலித்தது. வெட்கமாகவும் இருந்தது. நாளைக்கு அந்தத் தாளில் புள்ளி டாக்டரின் பெயருக்கு நேரே தன் கணவரின் இடுப்பு ஏறும் என்று நினைத்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. பேரம் நடந்தது. ஊசி இவர் கையில். புள்ளி டாக்டர் கூட நிற்பார், வாயைத் திறக்கக் கூடாது.

"சத்தமே போடாத பிரேக்க நான் பார்த்ததில்ல" என்றபடியே கணவர் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணி. ஜெல் பாட்டில் ஒன்பது மணியிலிருந்தே அக்குளில் இருந்தது. கணவர் தாழ்ந்த கட்டிலில் படுத்து, "பேஸ்மென்ட்ல பார்க் பண்ணிட்ட" என்றார். செவிலி சிரித்தாள். இடுப்பின் ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டுக் கால் விரல்வரை பச்சைத் துணியைப் போர்த்தினாள். புள்ளி டாக்டர் கால்மாட்டில் போய் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். உட்காரச் சொல்ல அறையில் ஒன்றும் இல்லை. யாரும் சொல்லவும் இல்லை.

இரண்டு தட்டு. "சரி."

டாக்டர் எதையும் விட்டுவிடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். முதலில் புரோபைக் குறுக்கே வைத்து ரத்தக்குழாயைத் தேடினார். திரையில் கருவட்டமாக அது துடித்தது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் நிறத்தைத் திரையில் போட்டுப் பார்த்தார். சிவப்பு விட்டு விட்டு மின்னியது. அது போகும் வழியெல்லாம் தோலின் மேல் நீலப் பேனாவால் கோடு இழுத்து, "இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நமக்கு வேலை இல்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு புரோபைத் தொடை எலும்பின் கழுத்தோடு நீளவாக்கில் திருப்பினார். எலும்பின் வெள்ளை வளைவும், அதன் மேல் மருந்து போய்ச் சேர வேண்டிய மெல்லிய கருப்பு இடைவெளியும் திரையில் வந்தன. ஆழத்தைப் பார்த்தார். ஏழு சென்டிமீட்டர். கணவரின் பருமனுக்கு அது ஆச்சரியம் இல்லை. ஆனால் அவ்வளவு ஆழத்துக்கு ஊசி செங்குத்தாக இறங்க வேண்டும். ஊசி சாய்ந்து படுத்திருந்தால் கோடு பளிச்சென்று இருக்கும், நிமிர நிமிர மங்கும். கோட்டுக் கட்சியின் பலவீனமான இடம் இதுதான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

மரத்துப்போக மருந்து போட்டார். நீள ஊசியை எடுத்தார். வெள்ளைக் கோடு திரையின் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. இரண்டு சென்டிமீட்டர். மூன்று. கோடு கொஞ்சம் மங்கல்தான், இருந்தாலும் கோடு.  வாய் ஓயாத கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். டாக்டர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கை என்ன ஆகும் என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. திரை ஒன்றே போதும் என்று அதிலேயே கண்ணை நிறுத்தினார். நான்கு. ஐந்தரை. கருப்பு இடைவெளிக்கு நேர் மேலே கோட்டின் முனை போய் நின்றது. இன்னும் ஒன்றரை சென்டிமீட்டர்தான். ஒரு தள்ளு.

"நுனி அதுதானா?"

புள்ளி டாக்டர் இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. எதிர் அறையில் செவிலியிடம் கேட்கும் அதே குரலில்தான் கேட்டார். நேர்கோட்டு டாக்டரின் காது மடல் சூடேறியது. வாயைத் திறக்கக் கூடாது என்று பேசியிருந்ததே.

"கோடு தெரியுது சார்."

"கோடு தெரியுது மேடம். நுனி?"

செவிலி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். டாக்டரின் விரல்கள் ஊசியின் மேல் இருந்தன. தள்ளியிருக்கலாம். ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளிவிட்டு, மருந்தை இறக்கிவிட்டு, இந்த மனிதரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியிருக்கலாம். விரல்கள் அதற்குத் தயாராகத்தான் இருந்தன. ஆனால் சாப்பாட்டு மேசையில் கேட்ட பேச்சு எங்கிருந்தோ வந்து குறுக்கே நின்றது. கை நல்லா படிஞ்சவன்தான் கண்ணாடியப் பார்க்க மறப்பான்.

ஊசியை அசைக்காமல், புரோபை மட்டும் உள்பக்கமாக ஒரு மயிரிழை நகர்த்தினார்.

முடிந்துபோயிருந்த கோடு மேலும் நீண்டது.

 இதுவரை டாக்டர் முனை என்று பார்த்துக்கொண்டிருந்தது முனையே இல்லை. ஊசி அந்த மெல்லிய சீவலைவிட்டு வெளியேறிய இடம் அது. கோடும் பொய் சொல்லும். சீவலைவிட்டு ஊசி விலகிவிட்டால் பாதி ஊசியை முழு ஊசியாகக் காட்டும். பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரிடமும் முதல் நாளே அவர் சொல்லுகிற பாடம் இது. நிஜ நுனி எங்கேயோ உள்ளே, நீலக் கோட்டின் பக்கம் போயிருந்தது.

அப்போதுதான் அவர் பதினெட்டு வருடத்தில் செய்யாத காரியத்தைச் செய்தார். ஊசி உள்ளே இருக்கும்போதே புரோபைக் குறுக்கே திருப்பினார். கோடு மறைந்தது. கருவட்டம் வந்தது, துடித்துக்கொண்டு. அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. புரோபை மெல்ல நகர்த்தினார், புள்ளி மறைந்தது. பின்னால் கொண்டுவந்தார், புள்ளி வந்தது. வந்து மறையும் அந்த இடம்தான் நுனி. நுனிக்கும் வட்டத்துக்கும் நடுவே ஓர் அரிசி கொள்ளும் இடம்கூட இல்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் வட்டம் விரிந்து புள்ளியை லேசாக இடித்தது, புள்ளி ஆடியது.

 டாக்டர் ஊசியைப் பின்னால் இழுத்தார். ஒரு சென்டிமீட்டர். இரண்டு. மூன்று. திரையில் வட்டம் தனியாகத் துடித்தது.

"எப்படி உள்ள போச்சு? நான் கோடு போட்டு வெச்சுத்தானே..." என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

புள்ளி டாக்டர் மோவாயால் கட்டிலின் கால்பக்கத்தைக் காட்டினார். டாக்டர் முதல்முறையாகத் திரையைவிட்டுக் கண்ணை எடுத்துக் கால்மாட்டைப் பார்த்தார். பச்சைத் துணி அங்கே விறைப்பாக இழுபட்டு நின்றது. துணிக்கு உள்ளே கணவரின் வலது பாதம், இல்லாத ஒரு பிரேக்கைத் தன் பலம் முழுவதையும் கூட்டி அழுத்திக்கொண்டிருந்தது. தொடை முறுக்கி, எலும்பு உருண்டு, பார்த்துப் பார்த்துப் போட்ட வழி முழுவதும் இடம் மாறியிருந்தது. சில்லென்று பட்டால் துள்ளுவான் என்று பாட்டிலைச் சூடாக்கி எடுத்து வந்தவருக்கு, இந்த மனிதர் பயந்தால் என்ன செய்வார் என்பது மட்டும் ஞாபகம் வராமல் போயிருந்தது. இத்தனைக்கும் வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் பார்க்கிற கால்.

"பிரேக்லேர்ந்து காலை எடுங்க" என்றார் டாக்டர். 

"எடுத்தா மோதிரும்னு தோணுது" என்றார் கணவர், கூரையைப் பார்த்தபடி.

"மோதாது. வேற ஒருத்தர் கால் வெச்சிருக்கார்."

கணவர் தலையைத் தூக்கிப் புள்ளி டாக்டரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். பச்சைத் துணி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. திரையில் எலும்பு உருண்டு பழைய இடத்துக்கு வந்தது.

டாக்டர் மறுபடி ஆரம்பித்தார். நீளவாக்கில் வழியைப் பார்த்து ஒரு சென்டிமீட்டர். குறுக்கே திருப்பி நுனியைத் தேடி, வட்டத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒரு பார்வை. மறுபடி நீளவாக்கு. ஊசி ஒரு கையில், புரோப் ஒரு கையில், நெற்றியிலிருந்து வியர்வை முகமூடிக்குள் இறங்கியது. செவிலி துடைத்துவிட்டாள்.

"நுனி இதுதானே?" என்றார் டாக்டர்.

"அதுதான்."

இன்னொரு சென்டிமீட்டர். "இது?"

"அதுதான் மேடம்."

மூன்றாவது முறை கேட்கும்போது ஊசி எலும்பில் மெல்லத் தட்டியது விரலுக்குத் தெரிந்தது. இரண்டு சொட்டு உள்ளே விட்டார். கருப்பு இடைவெளி வாய் திறந்த மாதிரி விரிந்தது. மூட்டுக்குள்தான் போயிருக்கிறது. மருந்து முழுவதும் தடையில்லாமல் இறங்கியது.

ஊசியை எடுத்த இடத்தில் செவிலி பஞ்சை வைக்கப் போனாள். டாக்டர் அதை வாங்கித் தானே அழுத்தினார். மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம். எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, இரண்டு விரல்களை வைத்த இடத்திலிருந்து எடுக்காமல் நின்றார். பஞ்சைத் தூக்கிப் பார்த்தபோது வீக்கம் இல்லை. ஒரே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

அரை மணி நேரத்தில் கணவர் நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது பாதத்தால் தரையை ஓங்கி ஓர் அழுத்து அழுத்தினார். இன்னொரு முறை அழுத்தினார். "வந்துருச்சு" என்றார்.

"என்ன?" என்றார் அங்கே உட்கார்ந்திருந்த முழங்கால் நோயாளி.

"அரை நொடி" என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கணவர் மாடிப்படியைத் தேடிப் போனார்.

புள்ளி டாக்டர் அறை வாசலில் வந்து நின்றார். "புள்ளியும் என்னை ரெண்டு தடவை ஏமாத்தியிருக்கு மேடம். அதுலேர்ந்துதான் எல்லார்கிட்டயும் கேக்கறேன். அது அந்தத் தாள்ல இல்ல, அதுக்குக் கட்டம் போடல" என்றார். பதிலுக்கு நிற்காமல் எதிர் அறைக்குப் போய்விட்டார்.

செவிலி தாளுக்கு முன்னால் பேனாவோடு நின்றாள். "மேடம், ஊசியைத் திருப்பிச் செலுத்தினது எத்தனை தடவை?"

"நாலு."

ஆறு மாதமாக அந்தக் கட்டத்தில் இவருக்கு இரண்டுக்கு மேல் எழுதியதே இல்லை. செவிலி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு எழுதினாள். "எந்த முறைன்னு போடட்டும்? கோடா, புள்ளியா?"

 அடுத்த ஆள், முழங்கால், உள்ளே வந்து தாழ்ந்த கட்டிலைப் பார்த்துத் திகைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் நடைக்கு வந்தார். ஸ்டூலின் மேல் இருந்த பையை எடுத்து உரியவர் மடியில் வைத்தார். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில், திரை நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்துப் போட்டார். ஆடியது. குனிந்து, ரப்பர் போன காலுக்கு அடியில் ஒரு துண்டுப் பஞ்சை நான்காக மடித்து வைத்து, கையால் அழுத்திப் பார்த்தார்.